அரசுத் திட்ட வீடு கட்டும் குடும்பத்துக்குக் கைகொடுக்கப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு

எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணி (நாம் எல்லோரும் என்.எஸ்.எஸ். என்றுதான் சொல்கிறோம்) விழுப்புரம் மாவட்டத்தில் தத்தெடுத்த ஊரில், அரசுத் திட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு உதவப் போனது. மண் சுமப்பதும் செங்கல் தூக்குவதும் கஷ்டமாக இல்லை. அதற்கு முன்னால் எந்த அலுவலகத்துக்கு எந்தக் கடிதம், எந்த வீடு, எந்த நாள் என்று தெரியாமல் அலைந்ததுதான் பாடு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் போவதால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் லாபம் சித்தாள் கூலி மிச்சம், அவ்வளவுதான். நாற்பது பேருக்கு டீ, சாப்பாடு, தண்ணீர் கேன் என்று அந்தக் குடும்பத்தின் கையைக் கடித்தாலோ, நாம் போட்ட வேலையை மேஸ்திரி பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டி வந்தாலோ அந்த மிச்சமும் போய்விடும். கீழே சொல்வதெல்லாம் அந்த மிச்சத்தைக் காப்பாற்றுவதற்கான வழிகள்.

1. எந்த வழியாகப் போவது

என்.எஸ்.எஸ். வழிதான் சுலபம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை. அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. இரண்டும் முடித்தால் சான்றிதழ். முகாமுக்கு ஒரு சிறு தொகை அரசிலிருந்து வரும், வருகைப் பதிவில் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) கிடைக்கும், பொறுப்பேற்கத் திட்ட அலுவலர் ஒருவர் இருப்பார். வீட்டு வேலைக்கு இந்த மூன்றும் வேண்டும்.

அணியில் இல்லாதவர்கள் துறை மன்றம், ரோட்டராக்ட் போன்ற சங்கங்கள் வழியாகப் போகலாம். ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி போன்ற அமைப்புகள் இந்தியாவிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு கட்டுகின்றன. அவர்களிடம் சேர்ந்தால் பாதுகாப்பு, கருவி, மேற்பார்வை எல்லாம் அவர்கள் ஏற்பாடு. உங்கள் ஊர்ப் பக்கம் அப்போது வேலை நடக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அமைப்பும் இல்லாமல் நண்பர்கள் பத்துப் பேர் கிளம்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் காலில் ஆணி ஏறினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அந்தச் சுமை வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

2. வீட்டைத் தேர்ந்தெடுப்பது

இதில் அவசரம் வேண்டாம். ஊரிலேயே மிக ஏழ்மையான வீடு எது என்று தேடத்தான் மனம் சொல்லும். நீங்கள் தேட வேண்டியது, பணமும் பொருளும் வந்து, ஆள் இல்லாததால் நிற்கும் வீடு.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்போது நீங்கள் பார்க்கக்கூடியவை பெரும்பாலும் இரண்டு திட்டங்கள். ஒன்று, 2024-25 இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம். குடிசைக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு. பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடியாவது கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். இன்னொன்று பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம். சமையல் செய்யும் இடத்தையும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர், நம் கணக்கில் 270 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. இதில் சமவெளிப் பகுதிக்கு நிர்ணயித்த அலகுத் தொகை ரூ.1.20 லட்சம், அதற்கு மேல் மாநில அரசும் சேர்த்துக் கொடுக்கிறது.

இரண்டிலும் பணம் மொத்தமாக வராது. வீடு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஓவர்சியர் (ஒன்றிய அலுவலகப் பணி மேற்பார்வையாளர்) வந்து பார்த்து, படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான தொகை வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே அடுத்த கட்டத்துக்கு வீட்டுக்காரர் முதலில் கைக்காசைப் போட வேண்டும். பல வீடுகள் பாதியில் நிற்பது இதனால்தான். கடன் வாங்கி அடுத்த கட்டத்துக்குப் போக அந்தக் குடும்பத்துக்குத் தெம்பு இருக்காது. கூலிச் செலவை மாணவர்கள் குறைத்தால் அந்தத் தெம்பு கொஞ்சம் வரும். நம் வேலைக்கு மதிப்பு இருப்பது இந்த இடத்தில்தான்.

வீட்டை முடிவு செய்வதற்கு முன் ஊராட்சிச் செயலரோடு உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்:

வேலை உத்தரவு கைக்கு வந்துவிட்டதா? "லிஸ்ட்டுல பேர் வந்திருக்கு" என்பது போதாது. உத்தரவு நகலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரில் இருந்து, சித்தப்பா மகன் பங்கு கேட்கிறார் என்றால் அந்த வீட்டைத் தொடாதீர்கள். முகாம் நடக்கும்போது வாசலில் தகராறு வந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சிமெண்டும் கம்பியும் வந்துவிட்டனவா? அரசே இவற்றைக் கொடுத்து, விலையைத் தொகையில் கழித்துக்கொள்ளும் முறை உண்டு. கிடங்கில் இருப்பு இல்லையென்றால் உங்கள் முகாம் முடியும்வரை வராமலே போகலாம்.

வீடு திட்ட அளவுக்குள் இருக்கிறதா? ஆசையில் அடித்தளத்தையே 600, 700 சதுர அடிக்குப் போட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. மேலே போகப் பணம் பற்றாது. நீங்கள் ஏழு நாள் உழைத்தாலும் அது முடியாத வீடாகவே நிற்கும்.

கடைசியாகக் குடும்பத்திடமே கேளுங்கள். வீட்டு அம்மாவிடம் தனியாகக் கேட்பது நல்லது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கேட்டால் "வாங்க சாமி, எங்களுக்கு என்ன கஷ்டம்" என்றுதான் சொல்வார்கள். நாற்பது பேர் வாசலில் நிற்பதும், எல்லோரும் படம் எடுப்பதும், அவர்கள் குடிசையைப் பார்த்துப் பேசுவதும் எல்லோருக்கும் பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

3. வீடு எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும்

ஒரு வீட்டின் எல்லாக் கட்டத்திலும் மாணவர்களுக்கு வேலை இருக்காது. ஆளும் தோளும் மட்டும் வேண்டியிருக்கிற கட்டங்களாகப் பார்த்துப் போக வேண்டும்.

மிகச் சிறந்தது பேஸ்மட்டம் நிரப்பும் கட்டம். கடக்கால் (அஸ்திவாரம்) போட்டு, தரைமட்டத்துக்கு மேல் சுவர் எழுப்பி, உள்ளே வெறும் பள்ளமாக இருக்கும் நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளளவு 300 சதுர அடி, உயரம் 2 அடி என்றால் 600 கன அடி மண் வேண்டும். லாரிக் கணக்கில் 6 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரு பாண்டில் (மண் சுமக்கும் சட்டியில்) சுமார் அரை கன அடி பிடிக்கும் என்று வைத்தால் ஆயிரத்து இருநூறு பாண்டு. இடித்து இறுக்கினால் மண் அமுங்கும் என்பதால் அதற்கு மேலும் ஆகும். இரண்டு சித்தாள்களை வைத்துச் செய்தால் நாள் கணக்கில் இழுக்கும். முப்பது பேர் வரிசையாக நின்று பாண்டைக் கைமாற்றினால் வேலை மளமளவென்று ஓடும். தேவையான திறமையும் குறைவு.

ஒரு எச்சரிக்கை. மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே ஏறி மிதித்துவிட்டு முடிந்தது என்று போய்விடக் கூடாது. அரை அடி உயரத்துக்கு ஒருமுறை பரப்பி, தண்ணீர் ஊற்றி, திமிசுக் கட்டையால் இடித்த பிறகுதான் அடுத்த அடுக்கு. எங்கள் மேஸ்திரி ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் கடப்பாரையைக் கையளவு உயரத்திலிருந்து நழுவவிடுவார். அது பொதுக்கென்று உள்ளே இறங்கினால் ஒன்றும் சொல்லாமல் திமிசை எங்கள் பக்கம் நகர்த்துவார். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் இரண்டு மழைக்குப் பிறகு தரை உள்வாங்கி, சிமெண்டுத் தளம் விரிசல் விடும். அப்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

அடுத்து நல்லது சுவர் எழும்பும் கட்டம். செங்கல்லை லோடு இறங்கிய இடத்திலிருந்து சுவரடிக்குக் கொண்டுபோவது, தொட்டியில் ஊறப்போடுவது, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) சலிப்பது, கலவை போட்டுக் கொடுப்பது எல்லாம் நம் வேலை. செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். குமிழி நின்ற பிறகு எடுக்க வேண்டும். ஊறாத செங்கல் கலவையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. கலவையையும் முன்கூட்டியே மலைபோலக் குழைத்து வைக்காதீர்கள். தண்ணீர் விட்ட அரை மணி நேரத்துக்குள் தீருகிற அளவுதான் போட வேண்டும். ஆள் நிறைய இருக்கிறதே என்று ஒரே நாளில் சுவரை ஏற்றச் சொல்லி மேஸ்திரியை நெருக்கவும் கூடாது. ஒரு நாளைக்கு 5 அடிக்கு மேல் எழுப்பக் கூடாது என்பது முறை. ஈரச்சுவர் தன் பாரத்தைத் தானே தாங்காது.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி தோண்டுவதும் நல்ல வேலைதான். மேஸ்திரியோ ஓவர்சியரோ குறித்துக் கொடுத்த ஆழத்துக்கு மேல் இறங்காதீர்கள், மணற்பாங்கான மண் என்றால் இறங்கவே இறங்காதீர்கள். குழியின் அடியில் சிமெண்ட் பூசக் கூடாது, சுற்றுச்சுவரில் ஓட்டை விட்டுக் கட்ட வேண்டும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதற்காகத்தான் அந்த அமைப்பு. "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று முழுக்கப் பூசிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிடவியல் மாணவர்கள் இதைப் பார்த்துச் சொன்னாலே பெரிய உதவி.

போகக் கூடாத கட்டம் மேல்தளம், அதாவது கூரை போடும் கட்டம். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடிப்பது, கம்பி கட்டுவது, கான்கிரீட் ஏற்றுவது எல்லாம் அதற்கென்றே இருக்கும் செட் ஆட்கள் வேலை. மிஷின் ஓடத் தொடங்கினால் தளம் முடியும்வரை நிற்காது. நடுவில் நாம் நின்றால் அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. முட்டுக்கொடுத்திருக்கும் தளத்துக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்குவது, பை வைப்பது, சாப்பிட உட்காருவது எதுவும் கூடாது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கே குறைந்தது 7 நாள் முட்டு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. நம் ஊர் மேஸ்திரிகள் அதைவிட அதிக நாள் விடுவார்கள், அது நல்லதுதான்.

4. நாள் குறிப்பது

கல்லூரி நாட்காட்டியை மட்டும் பார்த்து நாள் குறித்தால் மாட்டிக்கொள்வீர்கள். நான்கு நாட்காட்டிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மழை: அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடக்காலில் தண்ணீர் நிற்கும், மண் லாரி ஊருக்குள் வராது. வட மாவட்டங்களில் இந்த மூன்று மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சடங்கு: ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் வீட்டு வேலையைத் தொடங்காது, வாசல் நிலை வைக்காது. தொடங்கிய வேலை நடக்கும், புதிதாகத் தொடங்குவதுதான் நடக்காது. மழையையும் மீறி முகாம் டிசம்பர் கடைசியில்தான் வைக்க முடியும் என்றால் கார்த்திகைக்குள் கடக்கால் போட்டிருக்கிற வீடாகப் பாருங்கள்.

பொங்கல்: ஒரு வாரம் முன்னும் பின்னும் மேஸ்திரி கிடைக்கமாட்டார். அறுவடையும் சேர்ந்துகொண்டால் ஊரில் ஆளே இருக்காது.

வெயில்: ஏப்ரல், மே மாதம்தான் வழி என்றால் காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்துங்கள். மாலையில் 4 மணிக்கு மேல் கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடும் வேலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம்வரைதான் வசதி. அதற்குள் மாதிரித் தேர்வு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அதற்கு முந்தைய நவம்பரிலேயே கடிதவேலையைத் தொடங்கிவிட வேண்டும். இரண்டு மாதம் என்பது அதிகமாகத் தெரியும், ஆனால் அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை, அலுவலரின் பயிற்சி நாட்கள் என்று அது கரைந்துபோகும்.

5. கடிதங்கள்

இதுதான் அதிகம் அலையவைத்த பகுதி. வரிசை மாறினால் ஒவ்வொருவரும் "முதலில் அவரிடம் வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். எங்களுக்கு ஒத்துவந்த வரிசை இது:

முதலில் திட்ட அலுவலர் வழியாகக் கல்லூரி முதல்வரின் அனுமதிக் கடிதம். ஊர் பெயர், தேதி, மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர்கள், செய்யப்போகும் வேலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். "சேவைப் பணிகள்" என்று பொதுவாக எழுதாமல், "திட்டப் பயனாளியின் வீட்டில் மண் நிரப்புதல், செங்கல் எடுத்துக்கொடுத்தல், நீராற்றுதல் ஆகிய திறன்சாரா உதவிப் பணிகள்" என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் அடுத்து வரும் எல்லாக் கடிதத்துக்கும் இதுவே அடிப்படையாகிவிடும்.

இரண்டாவது, ஊராட்சியின் சம்மதம். ஊராட்சித் தலைவர் இருந்தால் அவர், பதவிக்காலம் முடிந்த ஊராட்சியில் தனி அலுவலர். நடைமுறையில் ஊராட்சிச் செயலர்தான் உங்களுக்கு எல்லாம். அவர் கைபேசி எண்ணை முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒன்றிய அலுவலகம். கவனம், ஒரே கட்டடத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். ஒருவர் ஊராட்சி ஒன்றியத்துக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. வீட்டுத் திட்டக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று முன்னறையில் கேட்ட பிறகு முகவரியை எழுதுங்கள். மாற்றி எழுதிய கடிதம் ஒரு மேசையில் வாரக்கணக்கில் உறங்கும், யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். கடிதத்தில் நீங்கள் கேட்பது அனுமதி மட்டுமல்ல. "முகாம் நாட்களில் பகுதி ஓவர்சியர் ஒருமுறை பணியிடத்தைப் பார்வையிட வேண்டும்" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். அவர் வந்து பார்த்தால் அந்தக் கட்டத்தின் தொகை வீட்டுக்காரருக்குச் சீக்கிரம் வர வாய்ப்பு உண்டு. எங்கள் முகாமில் நடந்த மிகப் பெரிய உதவி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நான்காவது, தங்கும் இடம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தங்குவது வழக்கம். தலைமையாசிரியர் சரி என்று சொன்னாலும் வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். மாணவிகள் வருகிறார்கள் என்றால் தனி அறை, உள்தாழ்ப்பாள், தண்ணீர் வரும் கழிப்பறை, உடன் தங்கும் பெண் ஆசிரியர் என்று இந்த நான்கையும் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்யுங்கள். கழிப்பறை சரியில்லை என்றால் மாணவிகளைப் பகலில் மட்டும் அழைத்துவாருங்கள். சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் இரவிலேயே தொல்லை தொடங்கும்.

ஐந்தாவது, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல் கடிதம். இவை சும்மா நேரில் கொடுத்துவிட்டு வருகிற கடிதங்கள்தான். சுகாதார நிலையத்தில் கொடுக்கும்போதே இரவில் யார் பணியில் இருப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இவற்றோடு ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றோர் ஒப்புதல் படிவம், இரத்த வகை, ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு போன்ற விவரம், கல்லூரியில் விபத்துக் காப்பீடு இருந்தால் அதன் நகல் வேண்டும். முதலாண்டு மாணவர்களில் சிலருக்கு 18 வயது ஆகியிருக்காது. அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பேருந்தில் ஏற அனுமதிக்காதீர்கள், வேலையிடத்திலும் சலிப்பது, தண்ணீர் விடுவது போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாக் கடிதத்துக்கும் இரண்டு நகல். ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

6. வேலை அட்டை விஷயம்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் குடும்பத்துக்கு நேரடி நஷ்டம் வரலாம். பிரதமர் வீட்டுத் திட்டத்தில், வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டு வேலைக்கே ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை அட்டை வழியாக 90 நாள்வரை கூலி பெறும் ஏற்பாடு இருந்துவந்திருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பெயரில் வருகை பதிவாகும் நாளில், அவர்கள் இல்லாமல் மாணவர்கள் மட்டும் வேலை செய்கிற படம் வெளியே போனால் அந்தக் கூலிக்கே கேள்வி வரும். வீட்டுக்காரர்கள் எப்போதும் நம்மோடு வேலையில் இருக்க வேண்டும். எந்த மாணவர் பெயரும் எந்த வருகைப் பட்டியலிலும் ஏறக் கூடாது.

7. செலவு

குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு வைக்கக் கூடாது. டீ உட்பட.

முகாம் தொகையை முழுவதும் நம்பாதீர்கள். அது பல நேரம் முகாம் முடிந்து, பில் கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். முதல்வரிடம் முன்பணம் கேளுங்கள், அல்லது மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவு சாப்பாடுதான். வெளியிலிருந்து வரவழைப்பதைவிட, ஊரிலேயே மகளிர் குழுவிடம் சமையலை ஒப்படைத்தால் செலவும் குறையும், அந்தப் பணமும் ஊருக்குள்ளேயே தங்கும். பில் புத்தகம் அவர்களிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது தயார் செய்துகொள்ளுங்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் வெள்ளைத்தாளை ஏற்கமாட்டார்கள்.

பாண்டு, மண்வெட்டி, கடப்பாரை, திமிசு, சல்லடை எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். மேஸ்திரியின் சொந்தக் கருவியைக் கேட்காதீர்கள். கரண்டியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவர் பிழைப்பு. எல்லோருக்கும் கருவி வேண்டியதில்லை, வரிசையில் நின்று கைமாற்றுகிறவர்களுக்குக் கையுறை போதும்.

மேஸ்திரிக்கும் பெரியாளுக்கும் அந்த நாட்களுக்கான கூலியை அணியே கொடுக்க முடிந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை கேட்பதாக இருந்தால், டி-சர்ட்டுக்கும் பேனருக்கும் கேட்காமல் இதற்குக் கேளுங்கள்.

8. மேஸ்திரியோடு பேசுவது

முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் நேரில் போய்ப் பேசிவிடுங்கள். மாணவர் கூட்டம் வருகிறது என்றால் பல மேஸ்திரிகளுக்குக் கவலைதான். வேலை கெடும், யாராவது விழுவார்கள், பழி தன்மேல் வரும் என்ற பயம். அது நியாயமான பயம்.

எங்கள் மேஸ்திரி அன்றே தெளிவாகச் சொன்னார்: "தம்பி, ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சுக் குடுத்துட்டா நான் சொல்லித் தரேன். பத்துப் பேரு ஒரே இடத்துல நின்னா நான் கரண்டியவே எடுக்க முடியாது." அதன்படி பேர் பிரித்தோம். ஒரு நேரத்தில் வீட்டுக்குள் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை. மற்றவர்கள் மண் குவியலிலிருந்து வரிசை, சலிப்பது, தண்ணீர், ஒரு குழு ஓய்வில். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டோம். 360 சதுர அடி வீட்டுக்குள் நாற்பது பேருக்கு இடமே இல்லை என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆள் அதிகம் என்றால் பக்கத்தில் இன்னொரு வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒருவர்தான் மேஸ்திரியிடம் கேள்வி கேட்க வேண்டும், அவர் சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கட்டிடவியல் படிப்பவர்கள் பாடப்புத்தகத்தை வைத்து அவரை எல்லோர் முன்னிலையிலும் திருத்தாதீர்கள். உண்மையிலேயே ஏதாவது தவறாகத் தெரிந்தால் ஓவர்சியர் வரும்போது அமைதியாகக் கேளுங்கள்.

9. உடம்பைப் பார்த்துக்கொள்வது

முகாமுக்கு முன்பே டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு வேலையிடத்துக்குள் யாரும் வரக் கூடாது, தடித்த அடியுள்ள ஷூ கட்டாயம். முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி. துப்பட்டா இல்லாத உடை. சிமெண்ட் மூட்டை பிரிக்கும்போதும் சலிக்கும்போதும் முகக்கவசம்.

கலவையைக் கையில் தொடுகிறவர்களுக்கு ரப்பர் கையுறை. துணிக் கையுறை போட்டால் ஈரம் உள்ளே இறங்கித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சிமெண்ட் காரமானது. அப்போது ஒன்றும் தெரியாது, மாலையில் விரலிடுக்கு வெந்து சிவந்திருக்கும், சோற்றைப் பிசையும்போது எரியும். பட்டவுடன் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள். அவசரத்துக்கு 108.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஒருவர் முதுகில் ஏற்றிக் காட்டும் போட்டி வேண்டாம். இரண்டு பேராகத் தூக்குங்கள். சாரத்தில் ஏறுவது, மின் இணைப்பைத் தொடுவது இரண்டும் மாணவர்களுக்கு இல்லை.

10. முகாம் முடியும் நாளில்

சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் விடுவது நாம் கிளம்பிய பிறகும் தொடர வேண்டும். கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள். மூட்டையில் பி.பி.சி. (பொசோலானா கலந்த சிமெண்ட்) என்று போட்டிருந்தால் 10 நாள், வெயில் காலத்தில் இன்னும் கூடுதல். வீட்டுக்காரர் இருவரும் காலையிலேயே கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்றால் பகலில் யார் தண்ணீர் விடுவது என்று பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள். பக்கத்து ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் இருந்தால் முறை போட்டுக்கொள்ளலாம். ஒரு ஹோஸ் பைப் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவது நினைவுப் பரிசைவிட உபயோகமானது.

கட்டத் தொகை வந்துவிட்டதா என்று இரண்டு வாரம் கழித்து ஊராட்சிச் செயலரிடம் போனில் கேளுங்கள். வரவில்லையென்றால் படம் பதிவேறியிருக்கிறதா, வங்கிக் கணக்கில் ஏதாவது சிக்கலா என்று விசாரியுங்கள். அந்த விசாரிப்பை வீட்டுக்காரரால் கூலியை விட்டுவிட்டுச் செய்ய முடியாது, உங்களால் முடியும்.

படங்களை வெளியிடும்போது வேலையைக் காட்டுங்கள். குடும்பத்தாரின் முகம், பழைய குடிசையின் உட்புறம், குழந்தைகள் எல்லாம் அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும்.

அறிக்கை, வருகைப் பதிவேடு, ரசீதுகள் மூன்றையும் முகாம் முடிந்த வாரத்திலேயே திட்ட அலுவலரிடம் ஒப்படைத்து, மணிநேரம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிடுங்கள். கல்வியாண்டு முடிவில் திட்ட அலுவலர் மாறினால், பதிவாகாத மணி நேரத்தைப் புதியவரிடம் நிரூபிக்க வழியில்லை. வாடகைக் கருவிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஓரிரு பாண்டு வீட்டுக்காரரின் மணல் குவியலுக்குப் பின்னால்தான் கிடக்கும், கிளம்பும் முன் அங்கே ஒருமுறை பாருங்கள்.